ஒபாமா 2008: "அனுபவம் பத்தாது"ன்னு சொன்னவங்க எதைப் பாத்து சொன்னாங்க?

தாமிரபரணி:
2008 அமெரிக்க அதிபர் தேர்தல் பத்தி நம்ம ஆளுங்க பேசும்போது ரெண்டே ரெண்டு கதைதான் காதுல விழுது. ஒபாமா கறுப்பர்ங்கறதாலதான் ஜெயிச்சார், அனுபவம்னு பாத்தா ஒண்ணுமே கிடையாது, இது ஒரு கதை. அவரை எதிர்த்தவன் எல்லாம் நிறவெறி பிடிச்சவன், அனுபவம்ங்கறது வெறும் சாக்கு, இது இன்னொண்ணு. ரெண்டையும் என்னால ஏத்துக்க முடியல, அதான் இழை ஆரம்பிக்கிறேன்.

ஒபாமா 1997ல இருந்து 2004 வரைக்கும் இல்லினாய் மாநில செனட்ல இருந்தார், 2005ல அமெரிக்க செனட்டுக்கு வந்தார், 2007 பிப்ரவரி 10 அன்னிக்கு ஸ்பிரிங்ஃபீல்டுல பழைய சட்டமன்றக் கட்டடத்து முன்னாடி நின்னு அதிபர் பதவிக்கு நிக்கிறேன்னு அறிவிச்சிட்டார். வாஷிங்டனுக்கு வந்து ரெண்டே வருஷம். அனுபவம் கம்மின்னு ஒருத்தர் சொன்னா அதுல நியாயம் இருக்கு, இல்லேன்னு நான் சொல்ல வரல. ஆனா டெமாக்ரட் கட்சி வேட்பாளர் ஆகுற போட்டியில அதே மேடையில நின்ன ஜான் எட்வர்ட்ஸ் அதுவரைக்கும் வகிச்ச பதவின்னா ஒரே ஒரு செனட் பதவிக்காலம், 1999ல இருந்து 2005 வரை, அவ்வளவுதான். அவர்கிட்ட அந்த வருஷம் யாரும் "நீங்க தயாரா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டு நான் பாக்கல. ஹிலாரி கிளிண்டன் 35 வருஷ அனுபவம்னு சொன்னாங்க, அதுல மக்கள் ஓட்டு வாங்கி வந்த பதவி 2001ல இருந்து செனட் மட்டும்தான், மிச்சம் வக்கீல் வேலை, ஆர்கன்சாஸ் கவர்னர் மனைவி, அப்புறம் வெள்ளை மாளிகையில எட்டு வருஷம். அதையும் சேத்துக்கலாம், தப்பில்ல. அப்போ இல்லினாய்ல எட்டு வருஷம் சட்டம் இயற்றினவரோட கணக்கையும் சேக்கணும் இல்லையா? கொலை வழக்குல போலீஸ் விசாரணையை வீடியோ எடுத்தே ஆகணும்னு 2003ல வந்த சட்டத்துக்குப் பின்னாடி நின்னவர் அவர், ஆரம்பத்துல போலீஸ் தரப்பே எதிர்த்த சட்டம், அதை எல்லாரையும் ஒத்துக்க வெச்சு நிறைவேத்தினார்.

நிஜமாவே அனுபவம்தான் அளவுகோல்னா அன்னிக்கு முன்னாடி வந்திருக்க வேண்டியவர் பில் ரிச்சர்ட்சன். காங்கிரஸ் உறுப்பினர், ஐ.நா. தூதர், எரிசக்தி அமைச்சர், நியூ மெக்சிகோ கவர்னர். இல்லாட்டி 1973ல இருந்து செனட்டரா இருந்த ஜோ பைடன். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற முதல் மாநில ஓட்டான ஐயோவா காக்கஸ்ல ரிச்சர்ட்சனுக்கு 2 சதவீதம், பைடனுக்கு 1 சதவீதம் கூட தேறல, அன்னிக்கு ராத்திரியே பைடன் மூட்டை கட்டிட்டார்.

அப்போ "அனுபவம்"னு சொன்ன வாக்காளர் மனசுல இருந்தது என்ன? அந்த வருஷம் அங்க இருந்தவங்க சொல்லுங்க.

காவிரிக்கரை:
தாமிரபரணி சார், நான் 2008 பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற ஓட்டுல, ஹிலாரி பக்கம், இன்னிக்குக் கேட்டாலும் அதேதான் சொல்வேன். நியூ ஜெர்சில வீட்டு வாசல்ல போர்டு நட்டு வெச்சவ நான். எங்களை எல்லாம் ஒரே மூட்டையா கட்டி நிறம் பாத்தாங்கன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வரும். ஆண்ட்ரூ யங் யாரு? மார்ட்டின் லூதர் கிங் கூடவே நின்ன கறுப்பினத் தலைவர், ஐ.நா.வுல அமெரிக்கத் தூதர், அட்லாண்டா மேயர். அவரே 2007ல, ஒபாமா அதிபராகட்டும் ஆனா 2016ல ஆகட்டும்ங்கற மாதிரிதான் பேசினார். ஜான் லூயிஸ் 2007 அக்டோபர்ல ஆதரவு குடுத்தது ஹிலாரிக்கு. கறுப்பர் ஓட்டுரிமைக்காக ஊர்வலம் போய் செல்மா பாலத்துல மண்டை உடைபட்ட மனுஷன் அவர். அவங்களுக்கு என்ன நிறவெறியா?

ரெண்டு போர் ஓடிட்டு இருந்துச்சு. ராத்திரி மூணு மணிக்கு வெள்ளை மாளிகையில போன் அடிச்சா யார் எடுக்கணும்னு டெக்சாஸ், ஒஹாயோ பிரைமரிக்கு முன்னாடி ஹிலாரி ஒரு விளம்பரம் விட்டாங்க, நிறைய பேர் அதை பயமுறுத்தல்னு சொன்னாங்க, எனக்கு அது நியாயமான கேள்வியாத்தான் பட்டுச்சு.

இன்னொண்ணும் சொல்லியாகணும். ஒரு பொம்பளை முப்பது வருஷம் உழைச்சு வாசப்படி வரைக்கும் வந்து நிக்கிறா, அப்போ நேத்து வந்த ஒரு ஆம்பளை நல்லா பேசுறார்னு சொல்லி நீ கொஞ்சம் ஒதுங்கு தாயீன்னா எப்படி இருக்கும்? ஆபீஸ்ல ப்ரொமோஷன் சமயத்துல இதை அனுபவிச்ச பொம்பளைங்க என் வயசுல ஏகப்பட்ட பேர், நானும் சேத்துதான். எங்க கண்ணுக்கு அந்தத் தேர்தல் அப்படித்தான் தெரிஞ்சுது.

சோளக்காடு:
நான் அப்போ ஐயோவாவுல சீடர் ராபிட்ஸ்ல இருந்தேன், எச்1பி விசா, ஓட்டு கிடையாது, ஆனா காக்கஸுக்குப் போய் ஓரமா நின்னு பாக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், அவர்தான் வாடா தம்பி பாத்துட்டு வரலாம்ங்கற மாதிரி கூட்டிட்டுப் போனார். 2008 ஜனவரி 3, வியாழக்கிழமை சாயங்காலம், வெளிய எலும்பை உருக்குற குளிர், உள்ள ஸ்கூல் ஜிம்ல நிக்க இடமில்ல. பதிவு மேசையில ஃபாரம் தீந்து போய் ஜெராக்ஸ் எடுக்க ஓடினாங்க.

டெமாக்ரட் காக்கஸ்ல அப்போ ரகசிய ஓட்டு கிடையாது. அவங்கவங்க ஆளுக்கு ஒரு மூலை, அங்க போய் நிக்கணும், பல் டாக்டர்ல இருந்து பால்காரர் வரைக்கும் ஊரே உங்களைப் பாக்கும். 15 சதவீதம் சேராத கூட்டம் கலைஞ்சு வேற மூலைக்குப் போகலாம். பெரியவர் முதல்ல பைடன் மூலையில நின்னார், அங்க கூட்டமே சேரல. உடனே மத்த மூலைகள்ல இருந்து ஆளுங்க வந்து இழுக்க ஆரம்பிச்சாங்க. ஹிலாரி பக்கத்துல இருந்து ஒரு டீச்சரம்மா வந்து நிதானமா, மரியாதையா, அனுபவம்தான் முக்கியம்னு எடுத்துச் சொன்னாங்க. அவர் முழுசாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: ஈராக் போருக்கு அவங்க சரின்னு ஓட்டு போட்டாங்களா இல்லையா? அவரோட பேரன் அப்போ ஈராக்ல. அந்தம்மா பதில் சொல்றதுக்குள்ள இவர் ஒபாமா மூலைக்கு நடந்துட்டார். 2002 அக்டோபர்ல சிகாகோவுல போரை எதிர்த்து ஒபாமா பேசினதும் அதே மாசம் செனட்ல ஹிலாரி போருக்கு ஆதரவா ஓட்டு போட்டதும் அந்த ஊர்ல எல்லாருக்கும் அத்துப்படி.

அவருக்கு ஹிலாரியோட அனுபவம்னா அந்த ஓட்டுதான். நிறம் அவர் வாயில இருந்து வரவே இல்ல, மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. ஐயோவா அப்போ 90 சதவீதத்துக்கு மேல வெள்ளைக்காரங்க இருந்த மாநிலம், முடிவு ஒபாமா 38, எட்வர்ட்ஸ் 30, ஹிலாரி 29. உள்ள வரும்போது எடுத்த கருத்துக்கணிப்புல பாதிப்பேருக்கு மேல மாற்றம் கொண்டு வர்றவர்தான் வேணும்னாங்க, அனுபவம்னு சொன்னது அஞ்சுல ஒருத்தர்.

கரோலினா மல்லி:
சோளக்காடு சொன்ன அந்த ராத்திரி என்ன பண்ணுச்சுன்னு எங்க பக்கத்துல இருந்து சொல்றேன். சவுத் கரோலினா, கொலம்பியா. நான் ஃபார்மசிஸ்ட். என்கூட டெக்னீஷியனா இருந்த ஒரு கறுப்பின அம்மா, அறுபது தாண்டினவங்க, பஸ் ஸ்டாண்டுல தனி வாசல், தனி தண்ணிக் குழாய்னு பாத்து வளந்தவங்க. ஒபாமா டிவில வந்தா மாத்திரை எண்ணுறதை நிறுத்திட்டு நின்னு பாப்பாங்க, அவ்வளவு பிடிக்கும். ஆனா ஓட்டு யாருக்குன்னா 2007 பூரா ஹிலாரிதான். ஏம்மான்னு கேட்டா ரெண்டு காரணம் சொல்வாங்க. வெள்ளைக்காரங்க அவருக்குப் போட மாட்டாங்க, நம்ம ஓட்டு வீணாப் போகும். போட்டாலும் உயிரோட விட மாட்டாங்க. சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின உரிமைத் தலைவர்கள் மெட்கர் எவர்ஸ், கிங், ரெண்டு பேர் செத்த அன்னிக்கும் தான் எங்க இருந்தேன்னு அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. அது கற்பனை பயம் இல்லீங்க, 2007 மே மாசமே ஒபாமாவுக்கு சீக்ரெட் சர்வீஸ் பாதுகாப்பு குடுத்தாங்க, அதுவரைக்கும் எந்த வேட்பாளருக்கும் அவ்வளவு சீக்கிரம் குடுத்தது இல்ல.

இந்த பயம் தெரிஞ்சுதான் மிஷெல் ஒபாமா 2007 நவம்பர்ல எங்க பக்கத்துல ஆரஞ்ச்பர்குக்கு வந்து நேரடியாவே பேசினாங்க. வாழ்நாள் சேமிப்புல சோஃபா வாங்கிட்டு அது அழுக்காகிடக் கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியே வெச்சிருப்பாங்களே பாட்டி, அந்த மாதிரி பயத்தால நம்மளை நாமே மூடி வெச்சிருக்கோம்னு சொன்னாங்க. எங்க டெக்னீஷியன் அம்மா வீட்டுல அப்படி ஒரு சோஃபா நெஜமாவே உண்டு, நான் அதுல உக்காந்திருக்கேன், வெயில் காலத்துல தொடை ஒட்டிக்கும்.

ஜனவரி 4 காலையில வேலைக்கு வந்தாங்க. கோட்டைக் கழட்டல. "அந்த ஊர் வெள்ளைக்காரங்க போட்டுட்டாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. ஜனவரி 26 எங்க பிரைமரி, ஒபாமா 55, ஹிலாரி 27, கறுப்பின ஓட்டுல அஞ்சுல நாலு பங்கு கிட்ட ஒபாமாவுக்கு. ஜான் லூயிஸ் பேரை காவிரிக்கரை அக்கா சொன்னாங்க, அவரும் பிப்ரவரி கடைசியில ஒபாமா பக்கம் வந்துட்டார்.

இங்க மூணு மாசத்துல ஒபாமாவோட பயோடேட்டா ஒரு வரி கூட மாறல. மாறினது, வெள்ளைக்காரங்க என்ன செய்வாங்கன்னு இவங்க அறுபது வருஷமா கத்து வெச்சிருந்த பாடம்.

நிலக்கோட்டை:
மல்லி அக்கா, படிச்சதும் கொஞ்ச நேரம் அடுத்த பதிவுக்குப் போகவே முடியல. நன்றி.

காவிரிக்கரை:
மல்லி சொல்றதை மதிக்கிறேன். ஆனா ஒரு கேள்வி கேட்டே ஆகணும். நவம்பர்ல கறுப்பின மக்கள் 95 சதவீதம் ஒபாமாவுக்குப் போட்டாங்க. அது நிறம் பாத்துப் போட்டது இல்லையா? அங்க நிறம் பாத்தா பெருமை, இங்க பாத்தா வெறியா?

தாமிரபரணி:
அக்கா, கேக்க வேண்டிய கேள்விதான். அதுக்கு முந்தின தேர்தல்ல டெமாக்ரட் வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு, வெள்ளைக்காரர், கறுப்பின ஓட்டுல 88 சதவீதம் விழுந்துச்சு. அது கட்சி ஓட்டு. கூடுதலா வந்த 7 சதவீதத்துலயும் ஓட்டுப்போட வந்த கூட்டத்துலயும் பெருமை இருக்கு, அதை மறுக்கல. ஆனா கறுப்பர்னா கண்ணை மூடிட்டுப் போடுவாங்கன்னா அது தப்பு. 2004 சவுத் கரோலினா பிரைமரில கறுப்பினப் பாதிரியார் அல் ஷார்ப்டன் நின்னார், மொத்த ஓட்டுல 10 சதவீதம் கிட்டத்தான் வாங்கினார், அங்க கறுப்பின ஓட்டுல பெரும்பகுதி எட்வர்ட்ஸுக்கும் கெர்ரிக்கும்தான் போச்சு. ஒபாமாவே 2000ல சிகாகோவுல காங்கிரஸ் சீட்டுக்கு பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்னு ரெண்டு பங்கு வித்தியாசத்துல தோத்தார், 61க்கு 30. கறுப்பினத் தொகுதி, எதிர்ல பிளாக் பாந்தர்ங்கற கறுப்பினப் போராட்ட இயக்கத்துல இருந்து வந்தவர். ஹார்வர்டுல படிச்ச, ஹவாயில வளந்த இந்தப் பையனுக்கு நம்ம பாடு என்ன தெரியும்னு கேட்டாங்க. அங்கயும் அவருக்கு அனுபவம் பத்தலைன்னுதான் சொன்னாங்க, ஆனா அது வேற அனுபவம், தெற்குச் சிகாகோவுல கறுப்பனா வாழ்ந்து பட்ட அனுபவம்.

மலைநாட்டான்:
நான் 2008ல மார்கன்டவுன்ல படிச்சிட்டிருந்தேன், வெஸ்ட் வர்ஜீனியா. எங்க ஊரைப் பத்தி யாரும் பேச மாட்டீங்கன்னு தெரியும், அதனால நானே சொல்றேன். மே 13 பிரைமரில ஹிலாரி 67, ஒபாமா 26. அதுக்குள்ள ஒபாமா கிட்டத்தட்ட ஜெயிச்சாச்சுன்னு எல்லா டிவியும் சொல்லியாச்சு, அப்புறமும் இந்த அடி. வாக்குச்சாவடி வெளிய கேட்டப்ப வெள்ளைக்காரங்கள்ல பத்துல ரெண்டு பேர் கிட்ட நிறமும் ஒரு காரணம்னு வாய்விட்டே சொன்னாங்க, அதுல பெரும்பாலானவங்க ஹிலாரிக்குப் போட்டவங்க. வாய்விட்டுச் சொன்னவங்களே அத்தனை பேர்னா சொல்லாதவங்க எத்தனை பேர்னு யோசிச்சுக்கோங்க. நான் குடியிருந்த வீட்டு ஓனர், எனக்கு உடம்பு சரியில்லாதப்ப சூப் வெச்சுக் குடுத்த மனுஷன், ஒபாமா முஸ்லிம், குரான் மேல சத்தியம் பண்ணினவர்னு வந்த மெயிலை அப்படியே நம்பினார். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.

ஆனா அதோட நிறுத்தினா பாதி உண்மைதான். அவர் சுரங்கத்துல வேலை பாத்தவர், நுரையீரல் போச்சு. வேலை போன ஊர்க்காரங்க கசந்து போய் துப்பாக்கியையும் மதத்தையும் பிடிச்சுக்கிறாங்கன்னு ஒபாமா ஏப்ரல்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல நன்கொடை குடுக்க வந்தவங்க முன்னாடி பேசினது வெளிய வந்துச்சு பாருங்க, அது இவருக்குக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பெரிய ஊர்ல இருந்து வக்கீலுங்க வந்து எங்களைப் பத்தி எங்களுக்கே பாடம் எடுக்கறதை நாங்க நூறு வருஷமா பாத்துட்டோம்னார். அதுல எவ்வளவு நிறம், எவ்வளவு சுரங்கம்னு பிரிச்சுக் குடுன்னா என்னால முடியாது. அவராலயும் முடியாது.

யாழ்நிலா:
நான் டொரன்டோவில இருந்து வாசிக்கிறன், எனக்கு அங்க வாக்கு இல்லை, ஆனாலும் அந்தத் தேர்தலை இஞ்ச நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். மலைநாட்டான் அண்ணா சொன்னதுக்குப் பக்கத்தில வைக்க ரெண்டு விசயம் இருக்கு. ஒபாமா போய்வந்த சேர்ச்சின்ட கறுப்பினப் பாதிரியார் ஜெரமையா ரைட் அமெரிக்காவைக் கடுமையாத் திட்டிப் பேசின வீடியோ வந்து பெரிய பிரச்சினை ஆனாப்பிறகு, 2008 மார்ச் 18 ஃபிலடெல்ஃபியாவில ஒபாமா பேசினவர். தன்னை வளத்த வெள்ளைக்கார அம்மம்மாவே தெருவில கறுப்பு ஆம்பிளையள் வந்தால் பயப்பிடுறனான் எண்டு ஒத்துக்கொண்டவ எண்டும், அவவைத் தன்னால விடேலாது, அதுபோல ரைட்டையும் விடேலாது எண்டும் சொன்னவர். உங்கட வீட்டு ஓனரை மாதிரி ஆக்களுக்கு நடுவில பிறந்து வளந்த ஆள்தான் அவர்.

மற்றது, அக்டோபர்ல மினசோட்டாக் கூட்டத்தில ஒரு மனிசி எழும்பி அவர் அரபு எண்டு சொல்ல, ஒபாமாவை எதிர்த்து நிண்ட குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் மைக்கை வாங்கி, இல்லையம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், குடிமகன், எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு மட்டும்தான் எண்டு சொன்னவர். நல்ல செயல்தான். ஆனா அரபு எண்டால் கண்ணியமான குடும்பஸ்தரா இருக்கேலாதோ எண்டு எங்கட வீட்டில அப்பவே கதைச்சனாங்கள். பத்து நாள் கூட ஆகேல்ல, கொலின் பவல் டிவியில வந்து ஒபாமாவை ஆதரிக்கேக்க அதையேதான் கேட்டவர், முஸ்லிமா இருந்தால்தான் என்ன பிழை எண்டு. குடியரசுக் கட்சிக்காரர், முப்படைகளின்ட தலைமைத் தளபதியா இருந்த கறுப்பர். அவர் சொல்லேக்க அனுபவம் பற்றின கேள்விக்கும் கனக்கப் பதில் கிடைச்சிட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

நிலக்கோட்டை:
அப்போ கமலா ஹாரிஸ்? மாவட்ட அட்டர்னி, கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல், செனட்டர், துணை அதிபர். ஒபாமாவை விட நீளமான பட்டியல். அவங்களுக்கும் தகுதி இல்லேன்னாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? 2024ல குடியரசுக் கட்சி எம்.பி. ஒருத்தர் அவங்களை நிற ஒதுக்கீட்டுல வந்தவங்கன்னே பேசினார். டிரம்ப் அந்த ஜூலை 31 அன்னிக்கு சிகாகோவுல கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னாடி உக்காந்துட்டு, இவங்க முன்னாடி இந்தியர்னு சொல்லிட்டு இப்போ திடீர்னு கறுப்பர் ஆயிட்டாங்கங்கறார். கறுப்பின மக்களோட ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல படிச்சவங்க அவங்க. நம்ம துளசேந்திரபுரத்துல வாழ்த்து பேனர் வெச்சு கோயில்ல பூஜை பண்ணினவங்களும் பாதி கமலாவைத்தான் பாத்தாங்க, ஜமைக்கா அப்பாவை யாரும் பேசல. சொந்தம்னு நெனச்ச நாமளே முழுசாப் பாக்கல.

கரோலினா மல்லி:
நிலக்கோட்டை தம்பி, கடைசி வரி ரொம்ப சரி. ஆனா 2024ஐ முழுக்க நிறத்து மேலயே வைக்காதீங்க, விலைவாசி, பைடன் ஜூலை 21 வரைக்கும் விலகாம இருந்தது எல்லாம் இருக்கு. இங்க என் கவுன்டர்ல வந்து நிக்கிற கறுப்பின ஆம்பளைங்கள்ல சிலர் டிரம்புக்குப் போட்டதா சொன்னாங்க, கேட்டா இன்சுலின், வாடகைன்னுதான் பேச்சு போகும். அவங்களைப் போய் உனக்கு நிறப்பற்று இல்லையான்னு கேக்க எனக்கு உரிமை கிடையாது.

சோளக்காடு:
ஐயோவா கதையோட மிச்சத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி நான் ஏதோ அழகான பாதியை மட்டும் சொன்ன மாதிரி ஆயிடும். 2008லயும் 2012லயும் ஒபாமா ஜெயிச்ச அந்த மாநிலம் 2016ல டிரம்ப் பக்கம் போச்சு, 51க்கு 42. ஹோவர்ட் கவுண்டின்னு ஒண்ணு, 2012ல ஒபாமாவுக்கு 20 புள்ளி வித்தியாசம் குடுத்துட்டு அடுத்த தடவை டிரம்புக்கும் 20 புள்ளிக்கு மேல குடுத்துச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவரும் டிரம்புக்குத்தான் போட்டார், போன்ல அவரே சொன்னார். எந்தப் பதவியும் வகிக்காத, ராணுவத்துலயும் இல்லாத ஒருத்தர் அதிபரானது அதுதான் முதல் தடவை. அதோட 2011ல ஒபாமா கிட்ட பிறப்புச் சான்றிதழ் காட்டுன்னு மாசக்கணக்கா கூச்சல் போட்ட அதே மனுஷன். எப்படிங்க அவருக்குப் போட்டீங்கன்னு கேட்டேன். அனுபவசாலிங்க பண்ணினதைத்தான் இத்தனை வருஷமா பாத்தாச்சேன்னார். பிறப்புச் சான்றிதழ் விஷயத்துக்கு ஒண்ணும் சொல்லல. அந்த மௌனம் எனக்கு இன்னும் உறுத்துது.

தாமிரபரணி:
சோளக்காடு, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 2008 நவம்பர்ல வாக்குச்சாவடி வாசல்ல கேட்டப்ப, சரியான அனுபவம்தான் முக்கியம்னு சொன்னவங்க அஞ்சுல ஒருத்தர், அவங்கள்ல 93 சதவீதம் பேர் மெக்கெய்னுக்குப் போட்டிருந்தாங்க. 2016ல அதே கேள்வி, அதே அஞ்சுல ஒருத்தர் கிட்ட, இப்போ அவங்கள்ல பத்துல ஒம்பது பேர் ஹிலாரிக்கு. எட்டு வருஷத்துல குடியரசுக் கட்சிக்காரங்களுக்கு அனுபவம் தேவைப்படாமப் போச்சு, டெமாக்ரட்டுங்களுக்குத் தேவைப்பட்டுச்சு. ஆளை முதல்ல முடிவு பண்ணிட்டு அனுபவத்தை அப்புறம் எடை போடுறாங்க நிறைய பேர். அந்த ஆளை முடிவு பண்ற இடத்துலதான் நிறமும், சுரங்கமும், ஈராக்ல இருக்குற பேரனும், ப்ரொமோஷன் கிடைக்காத கோவமும் எல்லாம் சேந்து வேலை பாக்குது.

காவிரிக்கரை:
நிறைய பேர்னு சொன்னீங்களே, எல்லாரும்னு சொல்லல, அதுக்கு நன்றி. நான் அந்த நவம்பர்ல ஒபாமாவுக்குத்தான் போட்டேன். மெக்கெய்ன் பெரிய மனுஷர், அஞ்சரை வருஷம் வியட்நாம்ல கைதியா இருந்தவர், 1987ல இருந்து செனட்டர், அனுபவத்துல குறையே இல்ல. ஆனா ரெண்டு வருஷம் கூட ஆகாத அலாஸ்கா கவர்னர் சாரா பேலினை துணை அதிபர் வேட்பாளரா அவர் பக்கத்துல நிறுத்தினப்பவே, அனுபவம்னு பேசுற வாய் அவங்களுக்கு அடைச்சுப் போச்சு. செப்டம்பர் 15 லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய முதலீட்டு பேங்க் திவால். எங்க வீட்டுக்காரருக்கு மன்ஹாட்டன்ல பேங்க் வேலை, அன்னிக்கு எங்க ரயில்ல ஒருத்தரும் பேசல. அதே நாள் மெக்கெய்ன் பொருளாதாரத்தோட அடிப்படை பலமா இருக்குன்னார், அடுத்த வாரமே பிரசாரத்தை நிறுத்திட்டு வாஷிங்டனுக்கு ஓடினார். ஒபாமா பதறல. ரெண்டு மாசம் அதைப் பாத்தேன், மூணு மணி போனை இவர் எடுக்கலாம்னு தோணுச்சு. ஹிலாரி எடுத்திருந்தா இன்னும் நல்லா எடுத்திருப்பாங்கன்னு இப்பவும் நெனைக்கிறேன்.